காற்றடித்தால் மட்டும் போதாது: எங்கள் ஊர் ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ரப்பர் பால் ஆலையையும் அதை ஒட்டிய கையுறை ஆலையையும் நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சமூக மண்டபத்தில் நீங்கள் நடத்திய விளக்கக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். பால் ஆலைக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர்க் குளங்களை மேம்படுத்தப் போவதாகச் சொன்னீர்கள். கடைசிக் குளங்களில் புதிதாகக் காற்றடிக்கும் இயந்திரங்களை இறக்கப் போகிறீர்கள், அதன் பிறகு அம்மோனியா குறைந்துவிடும், நாற்றமும் நின்றுவிடும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினீர்கள். ஊர் மக்கள் கைதட்டினார்கள். இவ்வளவு காலம் ஒன்றுமே நடக்காத இடத்தில் ஏதோ ஒன்று நடக்கப் போகிறதே என்ற நிம்மதி அவர்களுக்கு. அந்த நிம்மதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் காட்டியது பாதித் திட்டம்தான். மீதிப் பாதியையும் சேர்த்துக் கட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மலாய் மொழியில் ஒரு படியை உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவது, ஆற்றோரத் தாமான் குடியிருப்பிலும் பழைய தோட்ட லயங்களிலும் இருக்கும் நம் ஆட்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. அன்றைக்கு மண்டபத்தில் நைட்ரஜன் என்ற சொல் பலமுறை வந்தது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நான் வேறு ஊர்களில் கையுறை ஆலைகளின் கழிவுநீர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஆலையில் வேலை பார்த்ததில்லை. இங்கே எழுதுவது அந்தத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில்.

வெட்டிய பால் கெட்டுப் போகாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதில்லை. வாளி மூடியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி அதுதான். ஆலைக்கு வந்ததும் அந்தப் பாலை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுகிறீர்கள். சுமார் 30 சதவீதம் ரப்பர் இருந்த பால், 60 சதவீத ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக ஒரு பக்கம் வருகிறது. மறுபக்கம் வருவது ஸ்கிம் பால். அதில் 5 சதவீத அளவுக்குத்தான் ரப்பர், ஆனால் அம்மோனியா நிறைய. அந்தக் கொஞ்ச ரப்பரையும் விடாமல் எடுக்கக் கந்தக அமிலம் ஊற்றி உறைய வைக்கிறீர்கள். அமிலமும் அம்மோனியாவும் சேர்ந்து அம்மோனியம் சல்பேட் ஆகிறது. ரப்பரை அள்ளிய பிறகு மிஞ்சும் கலங்கல் தண்ணீரில் அது கரைந்து கிடக்கிறது. பாலில் இருந்த புரதமும் சர்க்கரையும் அதே தண்ணீரில்தான் இருக்கின்றன.

இந்தத் தண்ணீர் உங்கள் முதல் குளத்துக்குப் போகிறது. அது காற்றில்லாத குளம். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடுகின்றன. விடியற்காலையில் காற்று அசையாத நேரத்தில் ஊர் முழுக்கப் பரவும் அழுகிய முட்டை நாற்றம் இதுதான். நாற்றம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுப் பூஜை அறையில் வெள்ளி விளக்கைத் தேய்த்து வைத்தால் சில நாளிலேயே கறுத்துவிடுகிறது. முதலில் விளிம்பில் மஞ்சள் பிடிக்கும், அப்புறம் நீலம் ஓடும், பிறகு அட்டைக் கரி. ஏர்கோனில் செப்புக் குழாய் பொத்துக்கொண்டு வாயு இறங்கிவிட்டது என்று பழுது பார்க்க வருகிறவர்கள், இந்த வட்டாரத்தில் இது அடிக்கடி நடக்கிறது என்கிறார்கள். வெள்ளியையும் செம்பையும் அரிக்கும் காற்றைத்தான் எங்கள் பிள்ளைகள் தினமும் மூச்சு விடுகிறார்கள்.

அதே குளத்தில் இன்னொன்றும் நடக்கிறது. புரதம் சிதைந்து அதில் இருக்கும் நைட்ரஜனும் அம்மோனியாவாக மாறுகிறது. ஆகவே முதல் குளத்தைத் தாண்டும்போது அம்மோனியா குறைவதில்லை. உள்ளே போனதைவிட வெளியே வருவது கூடுதலாகக்கூட இருக்கும்.

கையுறை ஆலையின் கதை வேறு. பீங்கான் கை அச்சுகளை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்குகிறீர்கள், அதன் பிறகுதான் பாலில். கால்சியம் இருப்பதால்தான் பால் அச்சின் மேல் ஒரே சீராக உறைந்து பிடிக்கிறது. கால்சியத்தின் வேலை முடிந்ததும் நைட்ரேட்டுக்கு அங்கே வேலை இல்லை. வெந்நீர்த் தொட்டியில் கையுறையை ஊறவைத்துக் கழுவும்போது அது பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடுகிறது. ஆக, உங்கள் வளாகத்தில் நைட்ரஜன் இரண்டு வடிவத்தில் வருகிறது. பால் ஆலையிலிருந்து அம்மோனியாவாக, கையுறை ஆலையிலிருந்து நைட்ரேட்டாக. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் போட்ட எந்தத் திட்டமும் கால் இல்லாத நாற்காலிதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கூட்டத்தில் ஒரு பெண்மணி கேட்டார். வரம்புக்கு உட்பட்டே இருக்கிறோம் என்று பதில் சொன்னீர்கள். கொஞ்சம் விரித்துச் சொல்லியிருக்கலாம். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் மூல ரப்பர் ஆலைகளுக்கு 1978-இல் தனி விதிகள் வந்தன. அவற்றில் அம்மோனியா நைட்ரஜனுக்கும் (அம்மோனியாவாக இருக்கும் நைட்ரஜன்) வரம்பு உண்டு, மொத்த நைட்ரஜனுக்கும் உண்டு. கையுறை ஆலைக்கோ 2009-ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆலை இருந்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன், மற்ற இடங்களில் 20. ஆனால் அந்தப் பட்டியலில் நைட்ரேட் இல்லை. அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றி ஆற்றில் விட்டாலும், கையுறை ஆலை தன் பட்டியலில் தேறிவிடும். நைட்ரஜன் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. என் கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊர் ஓடைகள் சுங்கை மூடாவில் போய்ச் சேருகின்றன. கெடா மக்கள் மட்டும் அந்த ஆற்றைக் குடிப்பதில்லை. பினாங்கு மாநிலம் தன் குடிநீருக்கு எடுக்கும் நீரில் சுமார் 80 சதவீதம் அந்த ஆற்றுடையது. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் அம்மோனியாவுக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் வரம்பு. அதற்கு மேல் போனால் நீர் நிலையத்தில் போடும் குளோரினை அம்மோனியா பிடித்துத் தின்றுவிடும். கிருமியைக் கொல்லக் குளோரின் மிஞ்சாது. அதனால் நிலையத்தை மூடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. 2019 ஏப்ரலில் சுங்கை ஜொகூரில் அம்மோனியா ஏறியபோது அதுதான் நடந்தது. ஜொகூரின் நிலையங்களோடு, அதே ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் சிங்கப்பூரின் நிலையமும் நின்றது. நைட்ரேட்டுக்கும் குடிநீரில் வரம்பு உண்டு, நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம். கிணற்று நீரில் இருந்த நைட்ரேட்டால் கைக்குழந்தைகளின் உடம்பு நீலம் பாய்வதை அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு மருத்துவர் 1945-லேயே எழுதி வைத்தார். நம் கம்போங் கிராமங்களில் இன்னும் கிணறு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, காற்றடிப்பதால் என்ன ஆகிறது?

தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. 1890-வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி பிரித்தெடுத்துக் காட்டிய கூட்டம் இது. ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நீரில் மிதக்கும் காற்றடிக்கும் இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஆக்சிஜனைத்தான் கரைக்கும். மின் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்பதை உங்கள் கணக்குப் பிரிவே போட்டுப் பார்க்கலாம். அது மட்டுமில்லை. ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜன் மாறும்போது 7 கிலோவுக்கு மேல் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமமான காரத்தன்மையும் செலவாகிறது. உங்கள் தண்ணீர் ஏற்கெனவே அமிலம் ஊற்றிய தண்ணீர். காரம் தீர்ந்ததும் பிஎச் விழும், அதாவது தண்ணீர் அமிலமாகும், பாக்டீரியா சுணங்கும், பாதி வேலையிலேயே நின்றுவிடும். அப்போது சுண்ணாம்போ சோடாவோ மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவு செலவும் செய்து முடித்த பிறகு கையில் இருப்பது நைட்ரேட். அது குளத்தைத் தாண்டி ஓடைக்குப் போகிறது. நைட்ரஜன் சட்டை மாற்றிக்கொண்டதே தவிர ஊரை விட்டுப் போகவில்லை.

ஊரை விட்டுப் போக வேண்டுமானால் அது மறுபடி காற்றாக வேண்டும். நாம் மூச்சு விடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாவும் இருக்கிறது, எல்லாச் சேற்றிலும் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அது நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜன் வாயுவைக் குமிழியாக விட்டுவிடும். அதற்கு இரண்டு நிபந்தனை: காற்று படக் கூடாது, தின்ன ஏதாவது வேண்டும். தின்பது என்றால் கார்பன் உள்ள எதுவும்: சர்க்கரை, புரதம், கரிம அமிலம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். கழிவுநீர்ப் பிரிவில் தினமும் ஒரு சோதனை செய்வோம். காற்றடிக்கும் தொட்டியில் இருந்து ஒரு லிட்டர் கண்ணாடி உருளை நிறையத் தண்ணீர் மொண்டு மேசையில் வைத்து அரை மணி நேரம் விடுவது. பழுப்புச் சகதி மெதுவாகக் கீழே இறங்கும், மேலே தண்ணீர் தெளியும். சகதி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு உருளையைக் கழுவி வைத்துவிடுவார்கள். கழுவாமல் அப்படியே விட்டுப் பாருங்கள். நைட்ரேட் நிறைய உள்ள தண்ணீராக இருந்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் கிடக்கும் சகதியில் ஊசி முனை அளவுக்குக் குமிழிகள் தெரியும். பிறகு ஓரத்தில் ஒரு துண்டு பிய்ந்து மேலே ஏறும். அடுத்தது, அதற்கடுத்தது. கடைசியில் முழுச் சகதியும் மேலே மிதந்து, கீழே தெளிந்த தண்ணீர் நிற்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா நைட்ரேட்டைத் தின்ன ஆரம்பித்துவிட்டது, வெளியே வந்த நைட்ரஜன் குமிழிகள் சகதியைத் தூக்கிவிட்டன. தெளிவிக்கும் தொட்டியில் இதே நடந்தால் சகதி மிதந்து ஆற்றுக்குப் போய்விடும், மேலாளர் சத்தம் போடுவார். ஆனால் தனித் தொட்டி கட்டி அங்கே நடக்கவிட்டால் இதுதான் நமக்கு வேண்டிய வேலை.

அந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியமான கேள்வி. பழைய காலத்தில் கடைசியில் வைத்தார்கள். அதற்குள் தண்ணீரில் இருந்த கார்பன் எல்லாம் காற்றடிக்கும் தொட்டியிலேயே எரிந்து போயிருக்கும். மெத்தனால் வாங்கி ஊற்ற வேண்டி வந்தது. 1970-களில் தென்னாப்பிரிக்காவில் வேலை செய்த பார்னார்ட் என்ற பொறியாளரின் வழியில் அதை முன்னாலேயே வைத்தார்கள். காற்றில்லாத தொட்டி முதலில், காற்றடிக்கும் தொட்டி அடுத்து. பின்தொட்டியில் உண்டாகும் நைட்ரேட்டைப் பம்பு வைத்து முன்தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது. புதிதாக உள்ளே வரும் கழிவுநீரிலேயே கார்பன் இருப்பதால் வெளியிலிருந்து தீனி வாங்க வேண்டியதில்லை. உள்ளே வரும் தண்ணீரைப்போல் 4 மடங்கு தண்ணீரைத் திருப்பினால் நைட்ரேட்டில் 80 சதவீதம் வரை போக்கலாம். செலவழித்த காரத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு கிலோ நைட்ரேட் நைட்ரஜனும் 2.86 கிலோ ஆக்சிஜனின் வேலையைச் செய்யும். அந்த அளவுக்குக் காற்று மிச்சம்.

இப்போது உங்கள் வளாகத்துக்கு வருகிறேன். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

கையுறை ஆலையில் நைட்ரேட் தயாராகவே இருக்கிறது, தின்னக் கார்பன் போதவில்லை. வேலியின் மறுபக்கம் பால் ஆலையில் கார்பன் கொட்டிக் கிடக்கிறது. அதை முதல் குளத்தில் தேக்கி நாற விடுகிறீர்கள். இரண்டு தண்ணீரையும் காற்றில்லாத ஒரே தொட்டியில் சேருங்கள். பால் ஆலைத் தண்ணீர் முழுவதையும் முதல் குளத்துக்கு அனுப்பாமல் ஒரு பங்கை நேராக அந்தத் தொட்டிக்குத் திருப்புங்கள். பாக்டீரியா அந்தக் கார்பனைத் தின்று, கையுறை ஆலையின் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். காற்று அடிக்கும் செலவே இல்லாமல் இரண்டு அழுக்கு ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். ஒரு கிலோ நைட்ரேட் நைட்ரஜனுக்கு நடைமுறையில் 4 முதல் 6 கிலோ வரை சிஓடி (தண்ணீரில் இருக்கும் கார்பன் அழுக்கை எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) தேவைப்படும். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். ஆனால் ரப்பர் பால் கழிவில் கார்பனுக்குப் பஞ்சம் வந்து நான் பார்த்ததில்லை.

நாற்றத்துக்கும் மருந்து இதிலேயே இருக்கிறது. நைட்ரேட் கையில் இருக்கும்வரை பாக்டீரியாக் கூட்டம் பெரும்பாலும் சல்பேட்டுப் பக்கம் போகாது. நைட்ரேட்டில்தான் அதற்கு லாபம் அதிகம். வெளிநாட்டு நகரங்களில் சாக்கடைக் குழாய் நாறாமல் இருக்கக் கால்சியம் நைட்ரேட்டைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிறார்கள். நீங்கள் அதையே கழுவி ஆற்றில் விடுகிறீர்கள்! ஒரே நிர்வாகம், ஒரே வேலி. குழாய் ஒன்று இழுத்தால் போதும் என்ற தூரம். இந்த வாய்ப்பு எல்லா ஆலைக்கும் கிடைக்காது.

இரண்டு ஆலைக்கும் விதிகள் வேறு என்பதால் தண்ணீரைச் சேர்ப்பதற்குச் சுற்றுச்சூழல் துறையிடம் முன்கூட்டியே பேச வேண்டும். எந்த வரம்பு பொருந்தும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடுமையான வரம்பே பொருந்தட்டும் என்று நீங்களே முன்வந்தால் ஊர் உங்களைக் கொண்டாடும்.

விற்பனைக்காரர்கள் சிலர் அனமொக்ஸ் என்று ஒன்றைக் கொண்டு வருவார்கள். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நேராக நைட்ரஜனாக்கும் பாக்டீரியா அது. நெதர்லாந்தில் கண்டுபிடித்து, 2002-இல் ரோட்டர்டாமில் முழு அளவில் ஓட்டிக் காட்டினார்கள். அருமையான தொழில்நுட்பம்தான், நம் ஊர் வெயிலும் அதற்கு ஒத்துவரும். ஆனால் அது மிக மெதுவாக வளரும், கார்பன் மிகுந்த தண்ணீரில் மற்ற பாக்டீரியாக்கள் அதை நெருக்கிவிடும். உங்களுக்கு முதல் படி அது இல்லை. இருக்கும் தண்ணீருக்குப் பொருந்தும் எளிய வழி இருக்கும்போது கடினமானதை வாங்க வேண்டாம்.

இனி, எந்தத் தொட்டி கட்டினாலும் அதைக் கொல்லக்கூடிய விஷயம் ஒன்று. கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் பல இலட்சம் ரிங்கிட் போட்டுக் கட்டிய தொட்டிகள் செத்துப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா நோஞ்சான். சாதாரணக் கழிவுநீர்ப் பாக்டீரியா சில மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும், இதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஒரு முறை செத்தால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். ரப்பர் சீக்கிரம் வலுப்படக் கையுறைப் பாலில் நீங்கள் சேர்க்கும் வேகமூட்டி மருந்துகள், டைதயோகார்பமேட் வகையும் மெர்காப்டோபென்சோதயசோலும், இந்தப் பாக்டீரியாவுக்கு நஞ்சு. கையுறையின் ஒட்டும் தன்மை போகக் குளோரினில் கழுவும் இடத்தில் இருந்து வரும் தண்ணீர் கிருமிநாசினியே. உற்பத்தி வரிசையை நிறுத்தித் தொட்டி கழுவும் இரவில், கலந்து வைத்த பாலில் மிஞ்சியதை வாய்க்காலில் கொட்டிவிடுவது பல ஆலைகளில் பழக்கம். மறுநாள் காலை அம்மோனியா அளவு ஏறும். என்ன காரணம் என்று யாருக்கும் தெரியாது. புது இயந்திரம் சரியில்லை என்பார்கள், பிஎச் கருவி சரியில்லை என்பார்கள். இரவில் வாய்க்காலில் போனதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இதைத் தடுக்க மூன்று காரியம் வேண்டும், மூன்றும் பெரிய செலவில்லை. குளோரின் தண்ணீருக்குத் தனி வாய்க்கால், அதில் குளோரினை முறித்த பிறகே மற்றதோடு சேர்ப்பது. மிஞ்சிய பாலை வாய்க்காலில் விடாமல் பீப்பாயில் பிடித்து உறைய வைத்து அள்ளுவது. எல்லாத் தண்ணீரும் முதலில் வந்து கலக்கும் பெரிய சமன் தொட்டி ஒன்று. குறைந்தது ஒரு நாள் தண்ணீரைத் தாங்கும் அளவுக்கு. அப்போது ஒரு இரவின் தவறு ஒரேயடியாகப் போய் உயிருள்ள தொட்டியில் விழாது.

நான்காவதாகச் சொல்ல வேண்டியது ஆளைப் பற்றி. கழிவுநீர்ப் பிரிவில் இரவு வேலை பார்ப்பவருக்கு, விஷத் தண்ணீர் வருகிறது என்று தெரிந்தால் வாய்க்கால் கதவை மூடும் அதிகாரம் வேண்டும். மூடினால் உற்பத்தி நிற்கும், மேற்பார்வையாளர் கத்துவார், அதற்காக அந்த ஆளைக் காலையில் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. விதிப்படி தகுதிச் சான்று பெற்ற ஒருவரின் பெயர் உங்கள் தாளில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். நம் ஊரில் பாலிடெக்னிக் படித்துவிட்டு கூலிம் பக்கம் வேலைக்கு அலையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை எடுத்துப் பயிற்சி கொடுங்கள். தொட்டியின் நிறத்தையும் நுரையையும் வாசனையையும் வைத்தே உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிடுவார்கள். ஆற்றங்கரையில் வீடு இருக்கிறவனுக்கு இந்த வேலையில் அக்கறை தானாக வரும்.

தொடங்கும்போது பாக்டீரியா எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓடும் நகரக் கழிவுநீர் நிலையம் ஒன்றிலிருந்து சகதி வாங்கி வந்து விடலாம்; நேற்றைய மாவைக் கொஞ்சம் சேர்த்தால் இன்றைய மாவு சீக்கிரம் புளிப்பது மாதிரி. புட்டியில் அடைத்துக் கிலோ கணக்கில் விற்கும் பாக்டீரியாப் பொடிகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுக்க இந்தப் பாக்டீரியா சுணங்கிக் கிடக்கும். நமக்கு வருஷம் முழுக்க 28, 30 டிகிரித் தண்ணீர். ஐரோப்பாக்காரர்கள் ஏங்கும் வெப்பம் நமக்குச் சும்மா கிடைத்திருக்கிறது.

தொட்டிக்கு வரும் முன்னாலேயே குறைப்பதைப் பற்றியும் யோசியுங்கள். ஸ்கிம் பாலில் அமிலம் ஊற்றும் முன் அம்மோனியாவைக் காற்றோடு பிரித்தெடுத்தால் அமிலச் செலவு குறையும், சல்பேட் குறையும், நாற்றமும் குறையும். ஆனால் பிரித்த அம்மோனியாவை அப்படியே புகைபோக்கியில் விட்டால் எங்கள் மூக்கில்தான் வந்து ஏறும். அமிலத்தில் கழுவிப் பிடித்தால் அம்மோனியம் சல்பேட் உரமாகும். சுற்றியிருக்கும் செம்பனைத் தோட்டங்கள் அந்த உரத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்குகின்றன. கையுறை ஆலையில், கரைசலில் இருந்து வெளியே வரும் அச்சுகளில் சொட்டும் கால்சியம் நைட்ரேட்டைத் தட்டு வைத்துப் பிடித்துத் தொட்டிக்கே திருப்பலாம். சொட்டுவது உங்கள் பணம்.

அளவுகளை மறைக்காதீர்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். வெளியேறும் தண்ணீரின் அம்மோனியா, நைட்ரேட், மொத்த நைட்ரஜன், பிஓடி (பாக்டீரியா அழுக்கைத் தின்ன எடுக்கும் ஆக்சிஜனின் அளவு), இவற்றை வாராவாரம் ஆலை வாசலில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். நைட்ரேட் சட்டத்தில் கேட்கப்படவில்லை என்று விட்டுவிட வேண்டாம். எண் ஏறிய வாரத்தில் ஏறியது என்றே எழுதுங்கள், ஏன் என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் ஊர் மக்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். இருட்டில் மழை பெய்யும்போது மதகு திறப்பதைத்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை. 2024-இல் திருத்தப்பட்ட சட்டத்தில் அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அபராதத்துக்குப் பயந்து கட்டும் தொட்டி அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் ஓடும். எங்களுக்கு வேண்டியது தினமும் ஓடும் தொட்டி.

இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு மாத காலம் ஒதுக்குங்கள். பால் ஆலைத் தண்ணீர், கையுறை ஊறல் தண்ணீர், குளோரின் கழுவல், தொட்டி கழுவும் தண்ணீர், நான்கையும் தனித்தனியாகப் பிடித்து அம்மோனியா, நைட்ரேட், மொத்த நைட்ரஜன், சிஓடி, காரத்தன்மை, சல்பேட் எல்லாம் பாருங்கள். பகலில் மட்டும் பிடிக்க வேண்டாம், இரவு வேலை நேரத்திலும் பிடியுங்கள். இரண்டு தண்ணீரையும் வேறு வேறு விகிதத்தில் கலந்து மூடிய பீப்பாய்களில் வைத்து நைட்ரேட் எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தாலே பாதி வடிவமைப்பு கையில் வந்துவிடும். அதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகளே செய்வார்கள். வந்து காட்டச் சொன்னால் நானும் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அளவுகளையும், முன்னால் காற்றில்லாத தொட்டி போட்ட வரைபடத்தையும், சமன் தொட்டி எங்கே வரும் என்பதையும் கொண்டு வாருங்கள். அதே மண்டபத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து வரி வரியாகக் கேட்பேன். காற்றடிக்கும் இயந்திரத்தின் படம் மட்டும் திரையில் வந்தால் எழுந்து நின்று, நைட்ரேட் எங்கே போகிறது என்று கேட்பேன்.

அன்புடன்,
ஆலைக்குக் கீழே ஆற்றோரத் தாமானில் வசிக்கும் உங்கள் ஊர்க்காரன்